தோட்டா ஓட்டைக்கு மூணு பிக்சல்

நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா தூங்கணும். நான் கம்ப்யூட்டரில் ஸ்பிட்ஃபயருக்கு பெயின்ட் அடிச்சிட்டு இருப்பேன். சிரிக்காதீங்க மக்களே. விமானம் ஓட்டும் கேம்களில் விமானத்தின் மேல்தோலை, அதாவது டெக்ஸ்சரை, நாமே வரைஞ்சு மாட்டலாம்.

போன வாரம் ஒரு தம்பி தான் செஞ்சதை அனுப்பியிருந்தான். 4கே டெக்ஸ்சர். ரிவெட் ஒவ்வொண்ணும் எண்ணலாம். ஆனா தோட்டா பட்ட இடமெல்லாம் சேறு தெளிச்ச மாதிரி. "இன்னும் பெரிய படமா போடணுமாண்ணா?"

கணக்கு போட்டுப் பாருங்க. 1940-ல் பறந்த ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். அதை 4096 பிக்சலில் விரிச்சா ஒரு பிக்சலுக்கு 2.7 மி.மீ. ஜெர்மன் மெஷின்கன் தோட்டா 7.92 மி.மீ. ஆக ஓட்டைக்கு மூணே பிக்சல்! பழைய 1024 டெக்ஸ்சர்னா ஒரே பிக்சலுக்குள் அடங்கிடும். படத்தின் நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினா மெமரி நாலு மடங்கு தின்னும். அதுக்குத்தான் டீகால்: ஓட்டையை மட்டும் தனியா, நுணுக்கமா வரைஞ்சு, அடிபட்ட இடத்தில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுறது.

இன்னொரு தப்பு, ஒரே ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தான். ஃபாரன்சிக் வகுப்பில் தூங்காதவங்களுக்குத் தெரியும்: தோட்டா நுழைஞ்ச காயத்தின் விளிம்பு உள்ளே மடங்கும், வெளியேறின இடம் வெளிப்பக்கமா பிளக்கும். அலுமினியத் தகடும் ஏறக்குறைய அப்படித்தான்.

எல்லாம் திருத்தி அனுப்பினேன். காக்பிட்டுக்கு முன்னால் இருக்கிற தகட்டை மட்டும் தொடலை. ஏண்ணான்னு கேட்டான்.

அங்கேதான் பெட்ரோல் டேங்க். சுமார் 386 லிட்டர், விமானிக்கு நேர் முன்னால். தீப்பிடிச்சா முதல்ல போறது முகமும் கையும். அப்படி வெந்து வந்த பசங்களை இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தார். கடலில் விழுந்தவங்க புண் மத்தவங்களைவிட நல்லா ஆறுவதைக் கவனிச்சு, உப்புநீர்க் குளியல் கொடுக்க ஆரம்பிச்சார்.

நான் தீக்காய வார்டில் மூணு மாசம் இருந்திருக்கேன். டிரஸ்ஸிங் டிராலி சத்தம் கேட்டாலே கையைப் பின்னால் ஒளிச்சுக்குவான் ஒரு பையன். வயசு 19. அந்தத் தகட்டுப் பக்கம் மவுஸ் போனா அவன் விரல்தான் ஞாபகம் வருது.

"கேம்தானேண்ணா" என்றான் தம்பி. வாஸ்தவம்தான். நீயே வரைஞ்சுக்கோன்னு விட்டுட்டேன்.

நேத்து அனுப்பினான். விளிம்பெல்லாம் சரியா மடங்கியிருக்கு. கரிப்புகைதான் கொஞ்சம் கம்மி. அதைச் சொல்றதா வேண்டாமான்னு இன்னும் பதில் போடாம வச்சிருக்கேன்.