என் பேரையும் எழுதுங்கள்

நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பஸ், கந்தப்பளையின் லீக்ஸ், கரட் பாத்திகளைத் தாண்டித் தேயிலைக்குள் புகுகிறது. 1904 இல் இந்தப் பக்கமாக ராகலை வரை சின்ன ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. 1940களில் அதை நிறுத்திவிட்டார்கள். என் அம்மா இந்த மலையில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு வவுனியாவுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சின்னம்மா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்.

நான் போனபோது மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. கோயில் கமிட்டியார் கொப்பியோடு லயம் லயமாக வந்தார்கள். ஆளுக்கு ஒரே தொகை. செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். வேலையிலிருந்து நின்றவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

சின்னம்மாவின் காம்பராவுக்கு வந்த தலைவர், "நீங்க வேணாம் அம்மா, தனியா இருக்கிறவங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு செத்த வருசமும் எம் பேருல வெட்டுனாங்க. இப்ப மட்டும் நா ஆளு இல்லையா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த நோட்டுகளைக் கொடுத்தார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுப்பார்கள். சில ஊர்களில் கைம்பெண் வீட்டை அரை வரியாகக் கணக்கு வைப்பதுண்டு. சலுகைதான். ஆனால் அந்த "அரை" என்ற சொல் எனக்குக் குத்துகிறது. தோட்டத்தில் பெண் தன் பேரிலேயே கொழுந்து பறித்துச் சம்பளம் எடுப்பதால் அவள் முழு ஆள். தோட்டத்துப் பெண்களின் துன்பங்கள் ஏராளம், ஆனாலும் இந்த ஒரு கணக்கு நேரானது.

யூதர்களிடம் இதற்குக் கிட்டிய வழக்கம் ஒன்று உண்டு. பைபிளில் யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் வருகிறது. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவரும் அரைச்சேக்கல் கொடுக்க வேண்டும். பணக்காரர் கூட்டிக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைக்கவும் கூடாது. பெண்கள் மேல் கடமை இல்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்தால் வாங்க வேண்டும் என்பது பழைய சட்டம். எருசலேம் ஆலயம் கி.பி. 70 இல் அழிந்துவிட்டது. இன்றும் எஸ்தர் அரசியை நினைக்கும் பூரிம் பண்டிகைக்கு முன், அதன் நினைவாகப் பணம் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் ஏழைகளுக்குப் போகிறது. பல தொழுகைக்கூடங்களில் மூன்று அரை நாணயங்களைத் தட்டில் வைத்திருப்பார்கள். வருகிறவர் தம் பணத்தைப் போட்டு, அந்த மூன்றையும் கையில் எடுத்துத் திரும்பத் தட்டிலேயே வைப்பார். அதே மூன்று காசு எல்லோருடைய கைக்கும் போய்வரும். அங்கே அரை என்றால் எல்லோருக்கும் அரை. இன்னொன்றும் உண்டு: பூரிம் அன்று தானத்தில் வாழும் ஏழையும் வேறு ஏழைக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

இதை வாசித்தபோது 2009 இல் மெனிக் பாம் முகாமில் நின்ற வரிசைகள்தான் நினைவுக்கு வந்தன. மாவுக்கு, பருப்புக்கு, தண்ணீருக்கு என்று நின்றேன். பிறகு ஊர் திரும்பியும் கூரைத் தகரத்துக்கு நின்றேன். எத்தனையோ படிவங்களில் என் பேரை எழுதினார்கள். எல்லாவற்றிலும் வாங்குபவர் என்ற இடத்தில்தான். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் பாவம் என்று நினைத்திருப்பார்கள்.

தலைவர் கொப்பியை மூடப் போனார். "என் பேரையும் எழுதுங்கள் அண்ணா" என்றேன். எந்த லயம் என்று கேட்டார். சின்னம்மா முந்திக்கொண்டு, "இந்த லயந்தான். அக்கா மக" என்றார்.

பஸ் காசை மட்டும் வைத்துக்கொண்டு அதே தொகையைக் கொடுத்தேன். துண்டில் என் பேரை எழுதியபின், "வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டார்.

"இது போதும்" என்றேன். கிழித்துத் தந்தார்.