மாணவரிடம் கற்ற பாடம்

இருபத்திரண்டாம் வயதில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஸனது பெற்று, திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்துக்கு வந்து சேர்ந்தோம். இனிக் கற்பிப்பது மட்டுமே நம் வேலை என்னும் பெருமிதம் அன்று உள்ளத்தில் நிறைந்திருந்தது.

ஐம்பத்து நான்காம் வயதில் மீண்டும் ஒரு சான்றிதழ் பெற்றோம். தென்காசியில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் கற்ற கணினிப் பயிற்சிக்காக. பள்ளியை இடையில் விட்டோருக்கும் வயது கடந்தோருக்கும் தொழிற்கல்வி தரும் இவ்வகைக் கல்லூரி, நம் நாட்டில் முதன்முதலாக 1995இல் புதுவையில் தோன்றிற்று.

வகுப்பில் முன்வரிசையில் பீடி சுற்றும் சகோதரியர் இருவர். நம் அருகில் ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர். சிறுவயதில் நம்மிடம் ஓத வந்தவர். பாடம் வராததற்கு நாம் பிரம்பால் அடிக்கவே, ஓதல் பள்ளியை விட்டு நின்றவர். விசைப்பலகையில் நம் விரல் தடுமாறிய போதெல்லாம், "இங்கே தொடுங்கள், ஹஜ்ரத்" என்று பொறுமையுடன் காட்டியவரும் அவரே.

சான்றிதழ் வழங்கும் நாளில் நம் பெயரை அழைத்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தாம். மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருசேர நம்மைச் சூழ்ந்தன. வெளியே வந்ததும் அவர் கையைப் பற்றி, "அன்று அடித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றோம்.

"அதெல்லாம் அப்போதே மறந்துவிட்டது, ஹஜ்ரத்" என்றார்.

நமக்குத்தான் மறக்கவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பிள்ளைகள் ஓத வந்தபோது, பிரம்பு இருந்த மூலை வெறுமையாக இருந்தது.