மறைந்தவருக்கு ஓர் அழைப்பிதழ்

எங்கள் வாசகர் வட்டத்தில் அழைப்பிதழ்களுக்கு முகவரி அச்சிடுவது என் பொறுப்பு. கணினி தெரிந்தவன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இலக்கியக் கூட்டங்களில் அதன்பின் தப்ப வழியில்லை. 2013 இல் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். அவருடைய நினைவுக்கூட்ட அழைப்பிதழ் அவர் பெயருக்கே போய்ச் சேர்ந்தது. அவர் துணைவியார் தொலைபேசியில், “அவருக்கே அழைப்பு வந்திருக்குதே, தம்பி” என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் பெயரை நான் முன்பே நீக்கியிருந்தேன். விரிதாளைத் திறந்து பார்த்தேன், இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில், ஒரு கடிதம் எந்தத் தரவுத்தளத்தோடு இணைந்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. மேலே விரியும் சாளரத்தில் புதிய பட்டியல் இருக்கும். கடிதமோ பழையதைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே கடிதத்தையே கேட்டுவிடுவது என்று ஒரு மேக்ரோ எழுதினேன். ஆவணத்தின் அமைப்புகளில் ‘கரண்ட் டேட்டாபேஸ் டேட்டாசோர்ஸ்’ என்றொரு பண்பு உண்டு. அது ‘முகவரிகள்’ என்றது. சரியான பெயர்தான். ஆனால் அது வெறும் பதிவுப்பெயர். அதன் பின்னே நிற்கும் கோப்பு எது என்பதை ‘டேட்டாபேஸ் கான்டெக்ஸ்ட்’ என்னும் சேவைதான் சொல்லும். அதுவும் புதிய விரிதாளையே காட்டியது. இரண்டு சாட்சிகளும் என் பக்கம்; குற்றம் மட்டும் நிகழ்ந்திருக்கிறது!

ஓர் இரவு முழுவதும் போனபின் விளங்கிற்று. கடிதத்தினுள் பெயர், தெரு, ஊர் என்று வைத்த புலங்கள் ஒவ்வொன்றும் தன் தரவுத்தளத்தின் பெயரைத் தானே சுமக்கிறது. அமைப்பு ஒன்றைச் சொல்லும்போதே புலம் வேறொன்றைச் சொல்லக்கூடும். புலத் தலைவர்களை (மென்பொருள் அவற்றை ‘ஃபீல்ட் மாஸ்டர்’ என்கிறது) வரிசையாக எடுத்து ‘டேட்டாபேஸ் நேம்’ பண்பைக் கேட்டேன். ஒவ்வொன்றும் ‘முகவரிகள்1’ என்றது. முந்தைய ஆண்டுக் கடிதத்தைப் படியெடுத்துத் தேதியை மட்டும் மாற்றிய என் சோம்பல் அங்கே அகப்பட்டது.

பதிப்புப் பட்டியலில் உள்ள ‘தரவுத்தளத்தை மாற்று’ கட்டளை ஒரு நிமிடத்தில் அதைச் சரிசெய்தது. இப்போது அந்த மேக்ரோ, இரண்டு பெயர்களும் ஒவ்வாவிட்டால் அச்சிடவே விடுவதில்லை. பழைய பதிவை நீக்கினேன். கோப்பை அழிக்க மனம் வரவில்லை. அதில் அவர் சொல்லி நான் திருத்திய அஞ்சல் குறியீட்டெண் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழை அம்மையாருக்குக் கையால் முகவரி எழுதி அனுப்பினேன். வந்திருந்தார்.