கலியா காப்பரின் இரண்டு ஃப்ரீ த்ரோ

பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நேராகக் கடைசி நொடிக்குப் போய்விடுகிறார்கள். 2024 ஆகஸ்ட் 11, பெர்சி அரங்கம். அந்த ஒலிம்பிக்கின் கடைசிப் பதக்கப் போட்டி அதுதான். அமெரிக்கா 67, பிரான்ஸ் 64. ஆட்டம் முடிகிற நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் ஓடி வந்த வேகத்திலேயே எறிந்த பந்து போர்டில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. எறியும்போது அவர் கால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இல்லை. கோட்டைத் தொட்டாலே இரண்டு புள்ளிதான் என்பது விதி. 67-66. அமெரிக்காவுக்குத் தங்கம்.

"ஒரு விரக்கடை பின்னாடி நின்னிருந்தா தங்கம், சித்தி!" என்று என் அக்கா மகள் அன்றைக்குக் கத்தியது இன்னும் ஓயவில்லை. அவளும் பள்ளி அணியில் ஆடுகிறவள். வில்லியம்ஸ் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பந்துக்கு மூன்று புள்ளி கிடைத்திருந்தால் 67-67. தங்கம் கிடைத்திருக்காது, இன்னும் ஐந்து நிமிட ஆட்டம்தான் கிடைத்திருக்கும். இரண்டு நாள் முன்பு அரையிறுதியில் இதே பிரான்ஸ் பெல்ஜியத்தைக் கூடுதல் நேரம் வரை போய்த்தான் 81-75 என்று வென்றது. அந்த ஐந்து நிமிடத்தில் எதுவும் நடந்திருக்கலாம்.

இந்த விரற்கடைப் பேச்சு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் கணக்கு மட்டும் இல்லை. நாற்பது நிமிடம் இரண்டு அணிகளும் ஆடிய ஆட்டத்தை அது ஒரு ஷூவின் முனைக்குள் அடக்கிவிடுகிறது. தோற்றவர்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை, ஜெயித்தவர்களுக்கு இருந்தது என்று கதை முடிந்துவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் அது அநியாயம்.

எதிரில் நின்றது எந்த அணி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1992-இல் பார்சிலோனா அரையிறுதியில் தோற்றபிறகு அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1996 தொடங்கி அதுவரை ஏழு தங்கம். அந்த ஏழு இறுதி ஆட்டங்களில் மிகக் குறைந்த வித்தியாசமே 11 புள்ளி, அதுவும் 2004-இல் ஏதென்ஸில் ஆஸ்திரேலியாவுடன். 2012-இல் லண்டனில் இதே பிரான்ஸை 86-50 என்று உரித்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட அணி பாரிஸில் பாதி ஆட்டம் முடிந்தபோது எடுத்திருந்தது வெறும் 25 புள்ளி. பிரான்ஸும் 25.

அந்த முதல் பாதியைப் பார்க்கச் சலிப்பாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதுதான் ஆட்டத்தின் சாரமாகப் பட்டது. பிரெஞ்சுப் பெண்கள் பந்து கைக்கு வந்தபிறகு மறிக்கவில்லை, வருகிற வழியிலேயே மறித்தார்கள். தோளோடு தோள் உரசாமல் அமெரிக்கர்களால் ஓர் எட்டு வைக்க முடியவில்லை. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு விழுகிற பந்துகள் வளையத்தில் மோதி வெளியே வந்தன. டிஃபன்ஸில் உழைக்கிறவர்களின் பெயர் ஸ்கோர் ஷீட்டில் ஏறுவதில்லை. எதிரணி எடுக்காமல் போன புள்ளிதான் அவர்களுடைய கணக்கு. மூன்றாம் குவார்ட்டர் தொடங்கியதும் பிரான்ஸ் தொடர்ந்து பத்துப் புள்ளி எடுத்து 35-25 என்று முன்னால் போனது. சொந்த ஊர்க் கூட்டம் கூரையைப் பிய்த்தது. ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் பத்துப் புள்ளி பின்னால் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து அமெரிக்காவை மீட்டவர் ஏஜா வில்சன். 21 புள்ளி, 13 ரீபவுண்ட், 4 பிளாக். இதில் என் கண் போவது அந்த 13-இல்தான். நாங்கள் சிமெண்டுத் தரையில் ஆடிய காலத்தில் எங்கள் கோச் ஓயாமல் சொல்வது, "பந்தைப் பார்க்காதே, ஆளை முதுகில் வாங்கு" என்பது. பந்து மேலே போகிறபோது அண்ணாந்து பார்க்கத்தான் மனசு இழுக்கும். அதை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளைத் தேடி, அவளை முதுகால் அணைத்து, முழங்காலை மடக்கி, இடத்தைப் பிடித்தபிறகுதான் பந்து. எதிராளியின் முழங்கை விலாவில் குத்துவதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அறிய மாட்டார்கள். ஷூட் தவறுகிற நாளில் ஓர் அணியைத் தாங்கி நிறுத்துவது இந்த வேலைதான். வில்சன் அன்றைக்கு அதை விடாமல் செய்தார்.

நான்காம் குவார்ட்டர் அமெரிக்காவின் கலியா காப்பருடையது. அவருக்கு அது முதல் ஒலிம்பிக். ஆட்டம் முழுவதும் அவர் எடுத்த 12 புள்ளியில் பத்து அந்தக் கடைசிக் குவார்ட்டரில் வந்தவை. வெளியிலிருந்து யாருக்கும் சரியாக விழாதபோது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்துபோகிற ஒருத்தி வேண்டும். காப்பர் அப்படிப் புகுந்தார்.

இனி நான் சொல்ல வந்த இடம். 3.8 விநாடி மிச்சம். 65-64. காப்பரை ஃபவுல் செய்துவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. போர்டின் முகப்புக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் இடையே 4.6 மீட்டர். யாரும் மறிக்கப்போவதில்லை, பந்து கைக்கு வந்ததும் ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போடுகிற பந்துதான். ஆனால் ஓட்டத்தில் இருக்கிறவரை உடம்பு தானாக வேலை செய்யும். கோட்டில் வந்து நிற்கிறபோது எல்லாம் நின்றுபோய், யோசனை மட்டும் ஓடத் தொடங்கும். மூச்சு இரைக்கும், கை வியர்க்கும், தொடை கனக்கும். எதிரே அத்தனை ஆயிரம் பேர் தவறட்டும் என்று கூச்சல் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. 67-64.

இப்போது வில்லியம்ஸின் கடைசிப் பந்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். காப்பர் ஒன்றைத் தவறவிட்டிருந்தால், கோட்டை மிதித்த அதே இரண்டு புள்ளி ஆட்டத்தை 66-66 ஆக்கியிருக்கும். இரண்டையும் தவறவிட்டிருந்தால் 66-65, தங்கம் பிரான்ஸுக்கு. தவறிய பந்தை யார் பிடித்திருப்பார்கள், பிறகு எப்படி ஓடியிருப்பார்கள் என்பதெல்லாம் வேறு கதைதான். ஆனாலும் ஸ்கோர் பலகையை மட்டும் வைத்துப் பேசுகிறவர்களுக்கு அதே பலகையிலிருந்து என் பதில் இது. நாம் பேச வேண்டியது அந்த இரண்டு பந்துகளைப் பற்றி.

வில்லியம்ஸைக் குறைத்துச் சொல்வதாக அக்கா மகள் கோபித்துக்கொள்கிறாள். அவரைக் குறைத்துச் சொல்ல முடியுமா? 19 புள்ளியுடன் அன்றைக்குப் பிரான்ஸுக்கு அதிகம் எடுத்தவர் அவர். பிறந்தது அமெரிக்காவின் நெவாடாவில், தாய் பிரெஞ்சுக்காரர். பதினைந்து வயதில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் உயரம் தாண்டியவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் அவருடைய அணித் தோழிகள். பாரிஸில் அவர்கள் இருவரும் எதிரணியில். அவர் கடைசியாக எறிந்த பந்தைவிட, அந்தப் பந்து வரைக்கும் ஆட்டத்தை இழுத்துக்கொண்டு வந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டைம் அவுட் இல்லாமல், 3.8 விநாடியில், களத்தின் மறுமுனைக்கு வந்து, ஒற்றைக் காலில் எகிறி எறிகிற பெண், கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்க்க முடியாது.

ஆட்டம் முடிந்ததும் பிரெஞ்சுப் பெண்கள் சிலர் அழுதார்கள். லண்டனில் 36 புள்ளியில் தோற்ற நாடு, பன்னிரண்டு ஆண்டில் அதே அணியை ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவர்களைப் பார்த்து "பாவம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.