ஊர் தேடி வந்த ஏடு

"அந்நூல் இங்கில்லை" என்றனர், எங்கள் ஊர் நூலகத்தில். நகரத்தில் இருந்ததாம், வண்டிச்சத்தத்துக்குக் காசில்லை. "தலையெழுத்து" என்றார் அருகிலிருந்த பெரியவர். நானும் நம்பித் திரும்பினேன்.

தலையெழுத்தா, தோழர்களே? தச்சர் மகன் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ், 14 வயதில் பள்ளியை விட்டவர். அவர் 1916-இல் இலண்டனில் மாணவர் நடுவண் நூலகம் கண்டார். நூல் வாங்க வழியற்ற தொழிலாளிக்கு அஞ்சலில் நூல் சென்றது! பின்னர், தன்னிடம் இல்லாததைப் பிற நூலகங்களில் தேடி, கேட்டவன் ஊர் நூலகத்துக்கே வரவழைத்தது. பல்கலைக்கழகத்து ஏடும் சிற்றூருக்கு வந்தது. 1973-இல் அவ்வமைப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இணைந்தது.

"இல்லை" என்றவர், "வரவழைத்துத் தரட்டுமா?" என்று ஒரு சொல் கூட்டியிருக்கலாம். அந்நூல் என் கைக்குக் கிட்டியபோது எனக்கு வயது 40.