சிமிட்டலை எண்ணும் மேசை

எதிர்வீட்டு அக்காவுக்கு மீட்டர் மேல் சந்தேகம். "ஃபேனும் ஃபிரிட்ஜும்தான் தம்பி இருக்கு. ஆனா மீட்டர் ஓட்டமா ஓடுது." மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, பணமும் கட்டி, மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. கூட இருந்து பார்க்கலாம் என்றார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, நான் போனேன்.

சோதனைக்கூடத்தில் நீண்ட இரும்பு மேசை. இருபது மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் சிவப்பு விளக்குக்கு எதிரிலும் ஒரு சின்னக் கண். பரிசோதகர் ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி உள்ளவர். அக்காவின் மீட்டரில் முதலில் சீலைத்தான் பார்த்தார், திருப்பித் திருப்பி. பிறகு மாட்டி, வோல்டேஜ் மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "சும்மா இருக்கும்போது ஓடுதான்னு பார்க்கணும். லோடு இல்லாதப்ப ஒரு சிமிட்டலுக்கு மேல வரக் கூடாது." காத்திருந்தோம். விளக்கு சிமிட்டவே இல்லை.

அடுத்து முழு லோடு. ஹீட்டர் எங்கே என்று தேடினேன், சிரித்தார். வோல்டேஜ் ஒரு வழியாகவும் கரண்ட் வேறு வழியாகவும் தனித்தனியே போகின்றனவாம். மீட்டருக்குள் மட்டும் இரண்டும் சந்திக்கும். ஃபேண்டம் லோடு என்பார்கள். இருபது வீட்டில் ஏசி ஓடுவதாக அந்த மீட்டர்கள் எண்ணிக்கொண்டிருந்தன. மேசையோ சில்லென்று கிடந்தது.

மீட்டர் முகப்பில் 3200 என்று இருந்தது. அத்தனை முறை சிமிட்டினால் 1 யூனிட். மேசைக்குள் இருக்கும் துல்லியமான மூல மீட்டரும் அதே மின்சாரத்தை அளக்கிறது. இரண்டின் வித்தியாசம் திரையில் வரும். வகுப்பு 1 மீட்டர் என்றால் வழக்கமான லோடில் நூற்றுக்கு 1 வரை கூடவோ குறையவோ செய்யலாம். அக்காவுடையது 0.3 கூடுதல்.

"தப்பில்லையே," என்றேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"பெரும்பாலும் இப்படித்தான் தம்பி. பழைய தகடு சுத்துற மீட்டர்ல தூசியும் தேய்மானமும் சேர்ந்து மெதுவா ஓடும். ஜனங்க அதுக்குப் பழகிட்டாங்க. அதை மாத்தினதும் புது மீட்டர் ஓடுதுன்னு சண்டைக்கு வருவாங்க."

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் தர வேண்டும் என்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள், எந்த மீட்டர், எங்கே, எப்படி என்பது வரை போகின்றன. மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழங்கல் விதித்தொகுப்பு தனியே உண்டு. பெட்டிக்குள் நடப்பதற்கு இவ்வளவு காவல்.

டீ வந்தது. அவர் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டார். ஒரு வீட்டில் நாளுக்கு 8 யூனிட். 60 நாளில் 480. ரீடிங் எடுப்பவர் 66ஆம் நாள் வந்தால் 528. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அதைத் தாண்டினால் மேலே உள்ள 28க்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான மலிவு யூனிட்டுகளின் விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

"மீட்டருக்கு நூத்துக்கு ஒண்ணு. நாளுக்கு நூத்துக்குப் பத்து. இதுக்கு எந்த மேசையில மாட்டிப் பார்ப்பீங்க?" என்றார். நான் பேசவில்லை. அவரே பென்சில் கணக்கை ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவை எடுத்து 'சரியாக உள்ளது' என்று எழுதினார். புதுச் சீல் கம்பியைக் கோத்து, இடுக்கியால் அழுத்தினார். டக்.

மாலையில் அக்கா வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னாங்க?"

"ரீடிங் எழுதுற வெள்ளை அட்டை வச்சிருக்கீங்களாக்கா?"

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். யூனிட் எழுதிய பத்தியை விட்டுவிட்டு, தேதிப் பத்தியில் விரலை வைத்து நாளை எண்ணத் தொடங்கினேன்.