கூடிப் படித்தால்...!

"ஊர் கூடித் தேர் இழுக்கணும்" என்பார்கள். படிப்பும் அப்படித்தான் என்பதை எலெக்ட்ரிக்கல் பிரிவில் கழித்த இந்த 3 ஆண்டுகளில் கண்டுகொண்டேன்.

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தமிழ் மீடியம். "டவுட் இருக்கா?" என்று சார் கேட்டால் கப்சிப்! யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். சார் ஒரு வழி கண்டார். பாடம் வகுப்பில், விவாதம் வாட்ஸ்அப்பில். வாரம் ஒரு கேள்வி. தமிழிலும் எழுதலாம். நிபந்தனை இரண்டுதான்: கைடு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடக்கூடாது, காரணம் சொல்லாத விடை செல்லாது.

ஒரு வாரம் வந்த கேள்வி: டெல்டாவில் ஓடும் மோட்டாரை ஸ்டாரில் ஸ்டார்ட் செய்தால் லைன் கரண்ட் எவ்வளவு குறையும்? வைண்டிங்குக்கு 415 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 240 தானே கிடைக்கிறது, ஆகவே ரூட் 3-ல் ஒரு பங்காகும் என்று பலரும் எழுதினோம். வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்ச் நண்பன் இரவு 11 மணிக்கு எழுதினான்: "அது வைண்டிங் கரண்ட்தானே? டெல்டாவில் லைன் கரண்ட் அதைவிட ரூட் 3 மடங்கு ஆச்சே. ஸ்டாரில் ரெண்டும் ஒண்ணு. அப்போ ரெண்டு தடவை குறையணுமே?"

ஆமாம், மூன்றில் ஒரு பங்கு! லேபில் கிளாம்ப் மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டியது. "டார்க்கும் மூன்றில் ஒன்றாகும், லோடு அதிகமானால் மோட்டார் கிளம்பாது" என்று சார் முடித்து வைத்தார்.

படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம் என்றிருந்தவன் அவன். இன்று ஜூனியர்கள் அவனைத் தேடி வருகிறார்கள்!

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலேயே மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்கச் சொல்லிப் பாடம் நடத்தினார். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத்தானே எங்கே முட்டும் என்று தெரியும்?

குறையும் உண்டு. ஒரு தோழி வீட்டில் மூவருக்கு ஒரே போன். அவள் எடுத்துச் சொன்ன பிறகே, ஓர் இரவு என்றிருந்த கெடு 3 நாளானது. விவாதம் என்றால் எல்லோருக்கும் இடம் வேண்டுமல்லவா?

தம்பி தங்கைகளே! விடை தெரிந்தவர் எழுதுவதில் வியப்பில்லை. தெரியாதவர் தயங்காமல் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் வகுப்பே படித்துவிடும்!